பழைய கணினியில் எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது?

ஓர் இயந்திரம் பழுதடைவது வேறு. காலம் அதனைக் கடந்து செல்வது வேறு. கணினியைப் பொறுத்தவரையில் இவ்விரண்டையும் பிரித்தறியாமல் பணத்தைச் செலவிடுவோரே அதிகம். எட்டு, பத்து ஆண்டுகளுக்கு முன்னர் வாங்கிய கணினியில் புதிய விளையாட்டு ஒன்று தட்டுத்தடுமாறி ஓடத் தொடங்கியதும் ஆலோசனைகள் குவிகின்றன. கிராபிக்ஸ் கார்டை மாற்றினால் போதும் என்பார் ஒருவர். ரேம் போதாது என்பார் இன்னொருவர். இதனைக் கழித்துவிட்டுப் புதிதாக வாங்குங்கள் என்பார் கடைக்காரர். மூவரில் ஒருவரேனும் அந்தக் கணினி எங்கே திணறுகிறது என்று பார்த்திருக்க மாட்டார்.

அப்புத்தளை, தியத்தலாவை, பண்டாரவளை, பதுளை போன்ற நகரங்களிலும் அவற்றைச் சூழ்ந்த தோட்டங்களிலும் இந்தக் கேள்வி பெரும்பாலும் பண்டிகைக் காலங்களிலேயே எழுகின்றது. தீபாவளி முற்பணம் கைக்கு வரும்போதும், நோன்புப் பெருநாள் நெருங்கும்போதும், நகரத்தில் தொழில்புரியும் பிள்ளை விடுமுறையில் வீடு திரும்பும்போதும் "கணினிக்கு ஏதாவது போடலாமா" என்ற பேச்சு வருகிறது. அந்தப் பணத்தின் பெறுமதியை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். பெருந்தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1350 ரூபாவிலிருந்து 1550 ரூபாவாக உயர்த்தவும், வருகைக்கான கொடுப்பனவாக அரசு 200 ரூபா சேர்த்து வழங்கவும் 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் முன்மொழியப்பட்டது. அந்த 1750 ரூபாவைக் கொண்டு கணக்கிட்டால், 50,000 ரூபா விலையுள்ள ஒரு பாகம் ஒரு தொழிலாளியின் 28 நாட்களுக்கும் மேற்பட்ட உழைப்பாகும். தவறான பாகத்தை வாங்கினால் வீணாவது அந்த உழைப்பே. வீண்விரயத்தைக் கண்டிக்காத சமயம் எதுவும் நம் மத்தியில் இல்லை.

விளையாட்டுக் கணினிதானே என்று இதனை ஒதுக்கிவிடவும் முடியாது. 2020இல் பாடசாலைகள் மூடப்பட்ட வேளையில் பிள்ளைகளின் வகுப்பறையாக மாறியது இதே இயந்திரம்தான். அழைப்பிதழ் வடிவமைப்பு, திருமண வீடியோ தொகுப்பு, பல்கலைக்கழக ஒப்படை ஆகியனவும் அதிலேயே நடைபெறுகின்றன. விளையாட்டுக்கு ஏற்ற கணினி இவை அனைத்துக்கும் ஏற்றதாகவே இருக்கும். ஆகவே அதன் ஆயுளை நான்கைந்து ஆண்டுகள் நீட்டிக்க முடியுமாயின் அது குடும்பம் முழுவதற்கும் ஆதாயமாகும். ஆனால் எதனை மாற்ற வேண்டும் என்பதை விலைப்பட்டியலைப் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது. கணினியையே கேட்டறிந்து தீர்மானிக்க வேண்டும் என்பதே நாம் இங்கு வலியுறுத்த விரும்புவது.

அளந்து பார்த்த பின்னரே செலவு

விளையாட்டு ஓடும்போது திரையில் தோன்றுவது அசையும் படமன்று. ஒன்றன்பின் ஒன்றாக வரையப்படும் பல நிலைப்படங்களே. வினாடிக்கு 60 படங்கள் வேண்டுமானால் ஒவ்வொன்றையும் ஏறக்குறைய 16.7 மில்லிவினாடிக்குள் தயாரித்து முடிக்க வேண்டும். 30 படங்கள் போதுமென்றால் 33.3 மில்லிவினாடி கிடைக்கும். பாத்திரங்களின் அசைவு, எதிரிகளின் நடத்தை, பொருட்களின் மோதல் ஆகியவற்றைக் கணக்கிடுவது செயலி, அதாவது புரொசசர். அக்கணக்கினைப் படமாக வரைவது கிராபிக்ஸ் கார்ட். இரண்டுக்கும் வேண்டிய தரவுகளைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்பது ரேம். அங்கில்லாததைச் சேமிப்புத் தட்டிலிருந்து எடுத்துவர வேண்டும். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டும் பகுதி தாமதித்தால் அரைக்கும் இயந்திரத்தைப் புதிதாக்கிப் பயனில்லை என்பது ஊவா மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கணினியிலும் மிகவும் பின்தங்கிய பாகமே மொத்த வேகத்தை நிர்ணயிக்கின்றது.

அப்பாகம் எதுவென அறியச் செலவேதும் இல்லை. விண்டோஸ் இயங்குதளத்தில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். விளையாட்டை அரை மணி நேரம் ஓடவிட்டு, அங்குள்ள வரைபடங்களைப் பார்க்க வேண்டும். கிராபிக்ஸ் கார்ட் 95 சதவீதத்துக்கு மேல் உழைத்து, செயலி ஓய்வாக இருந்தால் குறை கார்டில் உள்ளது. கார்ட் 50, 60 சதவீதத்தில் நிற்க, செயலியின் ஒரு கருவேனும் முழுமையாக நிரம்பியிருந்தால் குறை செயலியில் உள்ளது. ரேம் நிரம்பி வழிய, சேமிப்புத் தட்டு 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் நினைவகம் போதவில்லை என்பது பொருள். விளையாட்டு ஓடத் தொடங்கிய பின்னர் சீராக இருந்து, ஆரம்பிக்க மட்டும் சில நிமிடங்கள் எடுக்குமாயின் சேமிப்புத் தட்டே காரணம்.

இதனை உறுதிப்படுத்த இன்னுமொரு சோதனை உண்டு. விளையாட்டின் திரைத் தெளிவினைக் குறைத்துப் பார்க்க வேண்டும். 1920க்கு 1080 என்ற அளவில் சுமார் 20 இலட்சத்து 73 ஆயிரம் புள்ளிகள் உள்ளன. 1366க்கு 768 என்ற அளவில் ஏறத்தாழ அதிற் பாதியே. புள்ளிகளைப் பாதியாக்கியதும் வேகம் நன்கு கூடினால் கார்ட்தான் திணறியிருக்கிறது. கூடாவிட்டால் செயலியே தடை. இந்தப் பத்து நிமிடச் சோதனையைச் செய்யாமல் பெருந்தொகையைக் கொடுத்துக் கார்ட் வாங்குவோரே பின்னர் "மாற்றியும் மாற்றமில்லை" என்று வருந்துகின்றனர். ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்ற பழமொழி இங்கும் பொருந்தும்.

பணமின்றிச் செய்யக்கூடியவை

கணினியின் வேகம் குறைவதற்கு வெப்பமும் ஒரு காரணம். செயலியும் கார்டும் குறித்த வெப்பநிலையை எட்டியதும் தம்மைக் காத்துக்கொள்ளத் தமது வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். கடல் மட்டத்திலிருந்து 1400 மீற்றருக்கு மேல் உயரத்திலுள்ள அப்புத்தளைக்கு இயற்கை இதில் பெரும் சலுகை அளித்துள்ளது. கொழும்பைக் காட்டிலும் அறையின் காற்று எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ, ஏறத்தாழ அவ்வளவு பாகை குறைவாகவே உள்ளிருக்கும் பாகங்களும் சூடேறும். எனவே விலையுயர்ந்த குளிரூட்டிகளுக்கு இங்கு அவசியம் குறைவு. ஆனால் விறகடுப்புப் புகை படியும் வீடுகளில் கரியும் தூசும் சேர்ந்து விசிறியின் தகடுகளை அடைத்துவிடும். கணினியின் மின் இணைப்பைக் கழற்றி, மென்மையான தூரிகையால் தூசகற்றி, செயலியின் மீதுள்ள காய்ந்துபோன வெப்பப் பசையைப் புதுப்பித்தால் இழந்த வேகத்தின் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கலாம்.

மூடுபனியும் கவனத்துக்குரியது. ஓடிக்கொண்டிருக்கும் கணினி சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாக இருப்பதால் அதன்மீது ஈரம் படிவதில்லை. நாட்கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்ட கணினியில்தான் பனி ஈரம் தங்கி இணைப்புகளில் களிம்பேறும். ஆகவே யன்னலோரத்தையும் ஈரச் சுவரையும் தவிர்க்க வேண்டும். வாரத்தில் ஓரிரு நாட்களாவது அதனை இயக்க வேண்டும். குளிரில் எடுத்துவந்த புதிய பாகத்தை உடனே பொருத்தாமல், அறையின் வெப்பநிலைக்கு வரும்வரை உறையிலேயே சில மணி நேரம் வைத்திருப்பது நல்லது.

முதற் செலவு மின்சாரத்துக்கே

கணினியை மேம்படுத்துவது பற்றிய பேச்சில் எப்போதும் கடைசியாக நினைவுக்கு வருவது பவர் சப்ளை எனப்படும் மின்வழங்கி. ஊவாவின் நிலைமையில் அதுவே முதலிடத்துக்கு உரியது. நீண்ட மின்கம்பிகளின் அந்தத்திலுள்ள லயன் குடியிருப்புகளில் மின்னழுத்தம் ஏறி இறங்குவது அன்றாட அனுபவம். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இடிமின்னல் அதிகம். தரங்குறைந்த மின்வழங்கி பழுதடையும்போது தன்னோடு தாய்ப்பலகையையும் கார்டையும் சேர்த்து அழித்துவிடக்கூடும். அதன் மேலொட்டியில் 500 வொட் என்று அச்சிடப்பட்டிருப்பதாலேயே அது 500 வொட்டை வழங்கிவிடும் என்று நம்புவதற்கில்லை. பெயர்பெற்ற தயாரிப்பின் 450 அல்லது 500 வொட் மின்வழங்கி, பெயரறியாத 700 வொட்டைவிட மேலானது.

இதனுடன் நிலத்தொடுப்புச் சரியாக உள்ள மூன்று முனை இணைப்பும், மின்தடையின்போது கணினியை முறையாக நிறுத்த உதவும் யு.பி.எஸ்.ஸும் வேண்டும். யு.பி.எஸ். வாங்கும்போது 650 விஏ என்பது 650 வொட் அல்ல என்பதை மறக்கலாகாது. சாதாரண வகைகளில் அது தாங்குவது பெரும்பாலும் அதில் 60 சதவீதமளவே. இடி முழங்கும் வேளையில் எந்தப் பாதுகாப்புக் கருவியையும் நம்பியிராமல் மின் இணைப்பையும் இணைய வடத்தையும் கழற்றிவிடுவதே உறுதியான வழி.

மின் கட்டணத்தையும் கணக்கிற் கொள்ள வேண்டும். 300 வொட் எடுக்கும் கணினி நாளுக்கு நான்கு மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு 36 அலகுகள் செலவாகும். அலகுகள் கூடக்கூட விலைப்படியும் ஏறுவதால், ஒரு சிறு குடும்பத்தின் கட்டணப் பட்டியலில் இது பெரும் தொகையாகலாம். 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் கட்டணம் உயர்த்தப்பட்டதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். பின்னர் கட்டணம் இறங்கியும் ஏறியும் வந்தபோதிலும், குறைந்த மின்சாரத்தில் இயங்கும் பாகத்தைத் தெரிவு செய்யும் பாடம் நிலைத்திருக்கிறது.

எஸ்.எஸ்.டி.யும் ரேமும்

பழைய கணினியில் இன்னமும் சுழலும் ஹார்ட் டிஸ்க்கே இருக்குமாயின், குறைந்த செலவில் மிகுந்த பயனைத் தருவது எஸ்.எஸ்.டி. என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. ஹார்ட் டிஸ்க் வினாடிக்குச் சுமார் 100 முதல் 150 மெகாபைட் வரையில் வாசிக்கும். சாட்டா வகை எஸ்.எஸ்.டி. ஏறத்தாழ 550 மெகாபைட்டை வாசிக்கும். அதைவிட முக்கியம், ஹார்ட் டிஸ்க்கில் வாசிப்பு ஊசி ஒவ்வொரு சிறு கோப்புக்கும் இடம்பெயர வேண்டும், எஸ்.எஸ்.டி.யில் அசையும் பாகமே இல்லை. இதனால் மின்சாரம் திடீரென நின்றாலும் ஊசி தட்டில் உரசும் அபாயமும் இல்லை. தாய்ப்பலகையில் எம்.2 துளை இருந்தால் அது சாட்டா வகையா, என்விஎம்இ வகையா என்பதைக் கையேட்டில் பார்த்தே வாங்க வேண்டும். வடிவம் ஒன்றுபோலிருந்தும் ஒன்றுக்கொன்று ஏற்காதவை உண்டு.

எஸ்.எஸ்.டி. வினாடிக்கான படங்களின் எண்ணிக்கையைப் பெரிதாகக் கூட்டாது என்பதையும் சொல்லியாக வேண்டும். காத்திருக்கும் நேரத்தையும் இடையிடையே ஏற்படும் திணறலையும்தான் அது நீக்கும். ஆயினும் இப்போது அது வசதி என்ற நிலையைத் தாண்டித் தேவையாகிவிட்டது. சைபர்பங்க் 2077 என்ற விளையாட்டின் குறைந்தபட்சத் தேவைப் பட்டியலில் 2023இலேயே ஹார்ட் டிஸ்க்கின் இடத்தை எஸ்.எஸ்.டி. பிடித்துக்கொண்டது.

ரேமைப் பொறுத்தவரையில் 8 ஜிகாபைட் இன்று குறைந்த அளவு. 16 ஜிகாபைட் போதிய அளவு. ஒரே துண்டாக வாங்குவதைவிட இரண்டு சம துண்டுகளாகப் பொருத்தினால் தரவுப் பாதை இரட்டிப்பாகும். தனிக் கார்ட் இல்லாமல் செயலியுடன் இணைந்த கிராபிக்ஸை நம்பியிருக்கும் கணினிகளில் இந்த வேறுபாடு நன்கு தெரியும். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஆகியன ஒன்றின் துளையில் மற்றொன்று பொருந்தாதவை என்பதும் நினைவிலிருக்கட்டும்.

2025ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து ரேம் சந்தையின் நிலையே மாறிவிட்டது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் உலகின் நினைவகச் சில்லுகளைப் பெருமளவில் அள்ளிக்கொள்ளத் தொடங்கியதால் விலை கடுமையாக உயர்ந்தது. சாதாரணப் பாவனையாளருக்கான குரூஷியல் விற்பனையிலிருந்து விலகுவதாக மைக்ரோன் நிறுவனம் 2025 டிசம்பரில் அறிவித்ததே இதன் தீவிரத்தைக் காட்டும். எங்கோ அமெரிக்காவில் எழும் தரவு மையம் அப்புத்தளை இளைஞரின் சட்டைப் பையையும் தொடுகிறது. ஆகவே கையிலுள்ள டிடிஆர்4 துண்டுகளை அற்ப விலைக்கு விற்றுவிடுவது இப்போது அறிவுடைமையன்று.

கிராபிக்ஸ் கார்ட்: பெயரில் ஏமாற வேண்டாம்

சோதனையில் கார்டே தடை எனத் தெரிந்தால் மட்டும் இதற்குப் பணம் ஒதுக்கலாம். இங்கு முதலிற் பார்க்க வேண்டியது மின்சாரமும் இடமும். தாய்ப்பலகையின் துளை 75 வொட் வரை மட்டுமே வழங்கும். 2014இல் வந்த ஜி.டி.எக்ஸ். 750 டிஐ, 2016இல் வந்த 1050 டிஐ, 2019இல் வந்த 1650இன் சில வகைகள், 2024இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 3050இன் 6 ஜிகாபைட் வகை ஆகியன அந்த வரம்புக்குள் இயங்கக்கூடியவை. அலுவலகங்களில் பாவித்துக் கழிக்கப்பட்டு இங்கு விற்பனைக்கு வரும் டெல், எச்.பி. போன்ற கணினிகளை வைத்திருப்போருக்கு இவையே பொருத்தம். அவ்வகைக் கணினிகள் பலவற்றில் மின்வழங்கியின் இணைப்பு பொதுவான அமைப்பில் இருப்பதில்லை. மெலிந்த பெட்டியாயின் உயரம் குறைந்த கார்ட் மட்டுமே உள்ளே நுழையும்.

இரண்டாவதாக, ஒரே பெயரில் வெவ்வேறு சரக்குகள் உண்டு. ஜி.டி.எக்ஸ். 1060இன் 3 ஜிகாபைட் வகையில் நினைவகம் மட்டுமன்றிக் கருக்களும் குறைவு: 6 ஜிகாபைட் வகையில் 1280, மற்றதில் 1152. ஆர்.எக்ஸ். 580 என்ற பெயரிலேயே 2304 கருக்கள் கொண்டதும் 2048 கருக்கள் கொண்டதும் விற்கப்படுகின்றன. ஜி.டி. 1030இன் டிடிஆர்4 வகை அதே பெயருள்ள முந்திய வகையைவிட மிகவும் மெதுவானது. 2022இல் வந்த ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. நான்கு தரவுப் பாதைகளை மட்டுமே பயன்படுத்துவதால் பழைய தாய்ப்பலகைகளில் தன் வேகத்தின் ஒரு பகுதியை இழக்கிறது.

மூன்றாவது, ஆயுள். ஜி.டி.எக்ஸ். 900, 1000 வரிசைகளுக்கான புதிய விளையாட்டு மென்பொருள் ஆதரவை என்விடியா 2025 ஒக்டோபருடன் நிறுத்தியது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 ஒக்டோபர் வரை வரும். 2024 டிசம்பரில் வெளியான இந்தியானா ஜோன்ஸ் விளையாட்டும், 2025 மே மாதத்தில் வெளியான டூம் வரிசையின் புதிய விளையாட்டும் ஒளிக்கதிர்த் தொழினுட்பத்துக்கான வன்பொருள் இல்லாத கார்ட்களை ஏற்பதில்லை. எனவே பழைய ஜி.டி.எக்ஸ். கார்டொன்றை இன்று வாங்குவோர், 2015இன் ஜி.டி.ஏ. 5 போன்றவற்றுக்காகவே வாங்குகிறோம் என்ற தெளிவுடன் வாங்க வேண்டும். அதிலே தவறொன்றும் இல்லை. 2006இன் கிரிக்கெட் 07ஐ இன்றும் சலிக்காமல் ஆடும் இளைஞர்கள் நம்மிடையே உள்ளனர். ஆடப்போகும் விளையாட்டுக்குத் தக்கதாகக் கார்ட் இருந்தாற் போதும்.

எங்கே நிறுத்திக்கொள்வது?

செயலியே தடை என்று தெரியும்போதுதான் மிகக் கடினமான தீர்மானம் வருகிறது. இன்டெல் நிறுவனம் ஓரிரு தலைமுறைகளுக்கு ஒருமுறை செயலித் துளையை மாற்றி வந்துள்ளது. 2011, 2012இன் இரண்டாம், மூன்றாம் தலைமுறைகளுக்கு ஒன்று. 2013இன் நான்காம் தலைமுறைக்கு வேறொன்று. 2015இன் ஆறாம் தலைமுறைக்கு இன்னொன்று. 2017இன் இறுதியில் வந்த எட்டாம் தலைமுறை அதே எண்ணிக்கையான முனைகளைக் கொண்டிருந்தும் ஆறாம், ஏழாம் தலைமுறைப் பலகைகளில் இயங்கவில்லை. இத்தகைய கணினியில் செயலியை மாற்றுவதென்றால் பலகையையும், பெரும்பாலும் ரேமையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அது திருத்தமல்ல, புதுக் கணினி. சுண்டைக்காய் காற் பணம், சுமைகூலி முக்காற் பணம் என்ற கதையாக, பழைய டிடிஆர்3 பலகைக்குப் பெறுமதியான பாகங்களைத் தேடி அலைவதிலும் பொருளில்லை.

ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 பலகை வைத்திருப்போர் இதில் அதிர்ஷ்டசாலிகள். 2017இல் ரைசன் 5 1600 செயலியுடன் வாங்கப்பட்ட பலகைகள் பலவற்றில், பயொஸ் மென்பொருளைப் புதுப்பித்தபின் 2022இல் வெளியான ரைசன் 5 5600ஐப் பொருத்த முடியும். ஆனால் பழைய செயலி இருக்கும்போதே அந்தப் புதுப்பித்தலை முடிக்க வேண்டும். இடையில் மின்சாரம் நின்றுபோனால் பலகை செயலிழக்கக்கூடும். மின்தடை சகஜமான மலைநகரங்களில் யு.பி.எஸ். இணைப்பின்றி இந்த வேலையில் இறங்கவே கூடாது.

செயலியின் தலைமுறை இன்னொரு காரணத்தாலும் முக்கியமாகிவிட்டது. விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடித்துக்கொண்டது. வீட்டுப் பாவனையாளர் பதிவு செய்து பெறக்கூடிய பாதுகாப்பு நீட்டிப்பு 2026 ஒக்டோபர் வரைக்குமே. விண்டோஸ் 11 பொதுவாக இன்டெல் எட்டாம் தலைமுறை, ரைசன் 2000 வரிசை அல்லது அவற்றுக்குப் பிந்திய செயலிகளையும், டி.பி.எம். 2.0 பாதுகாப்பு வசதியையும் கேட்கிறது. வலோரன்ட் போன்ற போட்டி விளையாட்டுகளும் விண்டோஸ் 11இல் அதே வசதியைக் கட்டாயமாக்கியுள்ளன. அதற்கு முந்திய கணினிகளில் லினக்ஸை நிறுவி, ஸ்டீம் தளத்தின் புரோட்டன் மூலம் பல விளையாட்டுகளை ஆடலாம். மோசடித் தடுப்பு மென்பொருள் கொண்ட சில விளையாட்டுகள் மட்டும் அங்கு இயங்கா.

மூன்று வீடுகள், மூன்று விடைகள்

இதுவரை கூறியதை மூன்று பொதுவான நிலைமைகளில் வைத்துப் பார்ப்போம். முதலாவது, நான்காம் தலைமுறை இன்டெல், 8 ஜிகாபைட் டிடிஆர்3, ஹார்ட் டிஸ்க் கொண்ட கழிக்கப்பட்ட அலுவலகக் கணினி. இதற்கு ஓர் எஸ்.எஸ்.டி., அத்துடன் கூடுதல் மின் இணைப்புக் கேட்காத பாவித்த கார்ட் ஒன்று. அதற்குமேல் ஒரு சதமும் வேண்டாம். எஞ்சியதைப் புதுக் கணினிக்காகச் சேமிப்பதே முறை.

இரண்டாவது, ரைசன் 5 1600, 8 ஜிகாபைட் டிடிஆர்4 கொண்ட கணினி. ரேமை 16 ஆக்கி, பயொஸைப் புதுப்பித்துச் செயலியை 5600 ஆக மாற்றினால் வேகமும் கூடும், விண்டோஸ் 11க்கான செயலித் தடையும் நீங்கும். பின்னர் வசதி வரும்போது, மின்வழங்கி தரமானதாக இருப்பின், 132 வொட் எடுக்கும் ஆர்.எக்ஸ். 6600 போன்ற கார்டைச் சேர்க்கலாம். மூன்றாவது, எட்டாம் தலைமுறை ஐ5, ஜி.டி.எக்ஸ். 1060 கொண்ட கணினி. இங்கு டி.பி.எம். வசதியைப் பயொஸில் இயக்கிவிட்டாலே விண்டோஸ் 11க்கு வழி திறக்கும். எஸ்.எஸ்.டி.யும் 16 ஜிகாபைட் ரேமும் ஏற்கெனவே இருந்தால் மாற்ற வேண்டியது கார்ட் மட்டுமே. மூன்று வீடுகளிலும் ஒரே தொகை இருந்தாலும் அது செல்ல வேண்டிய இடம் ஒன்றல்ல.

வாங்கும் இடத்தில்

2022இன் தொடக்கத்தில் 200 ரூபாவை அண்டியிருந்த டொலர் அதே ஆண்டு மே மாதத்தில் 360 ரூபா வரை ஏறியது. பின்னர் ஓரளவு இறங்கினாலும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரியும் 18 சதவீதமாகியது. இந்நிலையில் பாவித்த பாகங்களை நாடுவது இயல்பே. ஆனால் 2022 செப்டெம்பர் 15இல் எதீரியம் நாணயம் தோண்டும் முறை முடிவுக்கு வந்தபின் இரவுபகலாக உழைத்துக் களைத்த கார்ட்கள் உலகச் சந்தையில் கொட்டப்பட்டன என்பதை மறக்கக் கூடாது. பழைய கார்டின் உள்மென்பொருளை மாற்றிப் புதிய பெயரிட்டு விற்போரும் உள்ளனர். ஜி.பி.யு.-இசட் என்ற இலவச மென்பொருள் இத்தகைய போலி என்விடியா கார்ட்கள் பலவற்றைக் காட்டிக்கொடுக்கும்.

கொழும்பு பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் சில நூறு ரூபா குறைவு என்பதற்காக ஒரு நாள் முழுவதும் புகையிரதத்தில் செல்வதா, பண்டாரவளையிலோ பதுளையிலோ வாங்குவதா என்ற கேள்வியும் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளி மலையகத்தின் வீதிகளையும் புகையிரதப் பாதையையும் துண்டித்தபோது, தூரத்துக் கடையின் உத்தரவாதம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது விளங்கியது. பாகத்தை மாற்றித்தர அருகிலொரு கடை இருப்பதற்குச் சிறிது கூடுதல் விலை கொடுப்பது நட்டமாகாது. எங்கு வாங்கினாலும் பற்றுச்சீட்டில் பாகத்தின் முழுப்பெயர், தொடரிலக்கம், உத்தரவாதக் காலம் ஆகியவற்றை எழுதிப் பெற வேண்டும். பிணக்கு ஏற்பட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிட அந்தச் சீட்டே ஆதாரம்.

சேமிப்புத் தட்டை மாற்றுமுன் குடும்பப் புகைப்படங்களையும் பிள்ளைகளின் பாடங்களையும் வேறிடத்தில் பிரதி செய்துகொள்ள வேண்டும். கழற்றிய பாகங்களையும் யு.பி.எஸ். மின்கலத்தையும் தேயிலை மலையிலோ ஓடையிலோ வீசலாகாது. அவற்றிலுள்ள ஈயம் நாம் குடிக்கும் நீரிலேயே கலக்கும். மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடம் அவற்றை ஒப்படைக்கலாம். இன்னும் இயங்கும் பாகமாயின், அதனைவிடப் பழைய கணினி வைத்திருக்கும் அயல்வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கலாம்.

புதிய விளையாட்டுகள் ஆண்டுதோறும் வந்துகொண்டேயிருக்கும். அவை கேட்கும் பாகங்களும் வந்துகொண்டேயிருக்கும். அந்த ஓட்டத்தில் எவரும் இறுதிக் கோட்டை எட்டியதில்லை. பண்டிகைப் பணத்துடன் கடைக்குப் புறப்படுமுன் டாஸ்க் மனேஜரைத் திறந்து அரை மணி நேரம் பார்ப்பது, மின்வழங்கியின் மேலொட்டியையும் தாய்ப்பலகையின் பெயரையும் குறித்துக்கொள்வது, ஆடப்போகும் விளையாட்டு எதுவெனத் தீர்மானிப்பது ஆகிய மூன்றையும் பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து செய்வார்களாயின் பெரும்பாலான நட்டங்கள் நேரா. அந்தச் சோதனையின் முடிவில் "இப்போதைக்கு எதையும் மாற்றத் தேவையில்லை" என்ற விடை கிடைக்குமானால், அதுவும் இலாபமான விடையே.